மீன் குஞ்சுக்கு நீச்சல் வகுப்பு

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று கேட்பது நம் வழக்கம். கட்டாயம் வேண்டும் என்கிறார்கள் சில பொறியாளர்கள். அவர்களுடைய மீனுக்கு ரப்பர் உடம்பு, பிளாஸ்டிக் எலும்பு, வயிற்றில் குடலுக்குப் பதில் மின்கலம். தண்ணீரில் விட்டால் வாலை ஆட்டுகிறது, முன்னே போகிறது. அதுவரை எல்லாருக்கும் சிரிப்புதான். சொன்ன திசையில் போகிறதா என்று கேட்டால்தான் ஆய்வுக்கூடத்தில் பேச்சு கொஞ்சம் குறையும்.

இரண்டு வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் இயந்திர மீன் பற்றி அரை நிமிடத் துணுக்கு ஒன்று வாசித்தேன். வந்து குவிந்த குறுஞ்செய்திகளில் பாதி, அதைச் சம்பல் பூசி வாழையிலையில் வாட்டலாமா என்பது பற்றி. நம் ஊர் அப்படி. ஆனால் பள்ளிக்குக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு பையன், அம்மாவின் கைப்பேசியிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தான். “அக்கா, அந்த மீனுக்கு ஸ்டியரிங் எங்க இருக்கு?”

நல்ல கேள்வி. ஒரு பக்கத்துக்குத் தாங்கும் கேள்வி.

முதலில் ஒரு பெயர்ப் பஞ்சாயத்து. ‘ரோபோ’ என்பதை நம் நாளிதழ்களில் ‘இயந்திர மனிதக் கருவி’ என்று எழுதுகிறோம். செய்தி வாசிக்கும்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ‘மீன் வடிவ இயந்திர மனிதக் கருவி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனிதனும் மீனும் ஒரே மூச்சில் வந்து மூச்சு முட்டும். இந்தப் பக்கத்தில் மட்டும் இயந்திர மீன் என்று விட்டுவிடுகிறேன்.

இது எங்கோ நடக்கும் சங்கதி இல்லை. 2017ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு திருக்கையைச் செய்தார்கள். பெயர் மாண்டாடிராய்ட். நீளம் 35 சென்டிமீட்டர், இறக்கை விரித்தால் 63 சென்டிமீட்டர், எடை முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கத் துடுப்புகளும் வளையக்கூடிய பிவிசி தகட்டால் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மோட்டார். நாற்பது விதமான துடுப்பு வடிவங்களைச் செய்து பார்த்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் நீந்தும். பத்து மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும் என்று அறிவித்தார்கள். முழுத் துடுப்பையும் மோட்டார்கள் ஆட்டுவதில்லை. முன்விளிம்பை மட்டும் ஆட்டிவிட்டு மிச்ச வளைவைத் தண்ணீரின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். தண்ணீர்தான் தகட்டை வளைக்கிறது. அழகான யோசனை. சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. தண்ணீரின் பொறுப்பில் எதையாவது விட்டால், தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். கப்பலில் தள்ளுவதற்கு ஒன்று, திருப்புவதற்கு ஒன்று. காற்றாடி போன்ற சுழலி தள்ளும், சுக்கான் திருப்பும். காரிலும் இப்படித்தான், இன்ஜின் வேறு, ஸ்டியரிங் வேறு. வாலால் நீந்தும் மீனுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. தள்ளுவதும் அதே வால், திருப்புவதும் அதே வால். வால் நடுக்கோட்டிலிருந்து இடம் 30 பாகை, வலம் 30 பாகை என்று ஆடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் நேராகப் போகும். அந்த நடுக்கோட்டையே இடப்பக்கம் 10 பாகை நகர்த்தினால், ஆட்டம் இடம் 40, வலம் 20 என்று ஆகும். மீன் இடப்பக்கம் வளையும். இயந்திர மீன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் திரும்புகின்றன. ஸ்டியரிங் என்று தனியாக ஒன்றும் இல்லை தம்பி, ஆட்டத்தின் நடுப்புள்ளிதான் ஸ்டியரிங்.

கேட்க எளிமையாக இருக்கிறது. இனிமேல்தான் தொல்லை.

வால் இடப்பக்கம் வீசும்போது தலை எதிர்வினையாகக் கொஞ்சம் ஆடும். அடுத்த வீச்சில் மறுபக்கம். மீன் நேராகத்தான் போகிறது, ஆனால் தலைக்குள் இருக்கும் திசைகாட்டி ஒவ்வொரு வீச்சுக்கும் ‘இடப்பக்கம் போகிறோம், ஐயோ வலப்பக்கம் போகிறோம்’ என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தலுக்கெல்லாம் வால் பதில் சொன்னால், மீன் தன்னோடு தானே சண்டை போடும். சரி, ஒரு முழு ஆட்டம் முடியும்வரை பொறுத்திருந்து சராசரியைப் பார்க்கலாம் என்றால், அதற்குள் நேரம் போய்விடும். பாலத்தின் தூண் எதிரில் வந்துவிடும்.

அடுத்த தொல்லை தண்ணீரே. காற்றில் ஒரு பொருளைத் திருப்பினால் அந்தப் பொருளை மட்டும் திருப்புகிறோம். தண்ணீரில் திருப்பினால் அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் ஒரு பங்கையும் சேர்த்து நகர்த்த வேண்டும். உடம்பின் வடிவம் மாற மாற அந்தப் பங்கும் மாறும். மீனின் உடம்போ நொடிக்கு நொடி வடிவம் மாறும் சமாசாரம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், போடுகிறார்கள், ஆனால் ஆய்வுக்கூடத் தொட்டியில் சரியாக வரும் கணக்கு வெளியே போனதும் பல்லிளிக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல் தண்ணீர் ஏறத்தாழ 1 கிலோ 25 கிராம். முக்கால் கிலோ எடையுள்ள ஒரு மீனை நீச்சல்குளத்தில் மிதக்காமலும் மூழ்காமலும் சமன்செய்து கடலில் விட்டால், அதை 18 கிராம் அளவுக்குக் கடல் மேலே தள்ளும். நம் ஒரு வெள்ளி நாணயங்கள் இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவு போதும், மூக்கு நிமிர்ந்துவிடும்.

இன்னும் இருக்கிறது. மின்கலம் இறங்க இறங்க வால் சோம்பும். தண்ணீரின் சூட்டுக்கேற்ப ரப்பரின் விறைப்பு மாறும். துடுப்பின் ஓரம் கிழியும். உடம்பில் பாசி ஒட்டும். ஆய்வாளர் ஒருவர் வயிற்றில் புதிதாக ஒரு கேமரா வைப்பார். ஒவ்வொன்றுக்கும் ‘10 பாகை நகர்த்தினால் இவ்வளவு திரும்பும்’ என்ற கணக்கு மாறிவிடும். காலையில் தயாரித்த விதி மாலையில் பொய்.

ஆகவே விதியை நிரந்தரமாக எழுதிவைக்காமல், போகிற போக்கில் மீனே திருத்திக்கொள்ளும்படி செய்கிறார்கள். இதற்குத் தகவமைக் கட்டுப்பாடு என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்களும் நானும் வாரம் ஒருமுறை செய்வதுதான்.

பேரங்காடித் தள்ளுவண்டி இருக்கிறதே, அதில் ஒரு சக்கரம் கோணலாக இருக்கும். எப்படித்தான் அந்த வண்டி மட்டும் நம் கையில் வந்து சேருமோ. முதல் பத்து அடி அது இடப்பக்கம் அலமாரியை நோக்கி இழுக்கும், நாம் திருத்துவோம், மறுபடி இழுக்கும். அரிசி அலமாரியைத் தாண்டுவதற்குள் கை கற்றுக்கொண்டுவிடும். வலக்கையைக் கொஞ்சம் தளர்த்தி இடக்கையைக் கொஞ்சம் அழுத்தி, யோசிக்காமலே நேராகத் தள்ளிக்கொண்டிருப்போம். பத்துக் கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்ததும் வண்டியின் குணம் மாறும். கை இன்னொருமுறை கற்கும். இங்கே கை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வண்டியைத் திருப்புவது. இன்னொன்று, இந்த வண்டி எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொள்வது. இயந்திர மீனுக்குள் இருக்கும் சில்லும் அப்படித்தான். ‘நடுக்கோட்டை 10 பாகை நகர்த்தினேன். நொடிக்கு 8 பாகை திரும்பியிருக்க வேண்டும். 6தான் திரும்பியிருக்கிறேன். சரி, இன்றைக்கு நான் சோம்பல் மீன், அடுத்தமுறை கூடுதலாக நகர்த்துகிறேன்.’ எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, வேலை அதுதான்.

இதை வானொலியில் சொன்ன அன்றே ஒரு பெரியவர் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். “தங்கச்சி, நான் எண்ணெய்க் கப்பல்ல சுக்கான் புடிச்சவன். நீ சொல்ற மீன் கதை எங்க கதைதான். காலிக் கப்பல் ஒரு மாதிரி, சரக்கு ஏத்துன கப்பல் ஒரு மாதிரி. அதே கப்பல்தான், ஆனா கைக்குத் தெரியும்” என்றார். எவ்வளவு நேரத்தில் தெரியும் ஐயா என்றேன். “மலாக்கா நீரிணை முடியறதுக்குள்ள தெரியணும். இல்லன்னா கேப்டன் உன்னை எறக்கிவிட்டுருவாரு” என்று சிரித்தார்.

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. தானியங்கிக் கட்டுப்பாட்டின் வரலாறே சுக்கான் பிடித்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டதுதான். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நிக்கலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், கப்பல் தானாகத் திசைபிடிப்பது பற்றி 1922ல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல சுக்கான்காரர், கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை; எவ்வளவு வேகமாக விலகுகிறது, இதுவரை எவ்வளவு விலகலைச் சேர்த்துவைத்திருக்கிறது என்பதையும் பார்க்கிறார் என்று அவர் கவனித்தார். இன்று உங்கள் வீட்டுக் குளிர்சாதனக் கருவியிலிருந்து ஆகாய விமானம் வரை அந்த மூன்று பார்வைகள்தான் வெவ்வேறு வேடத்தில் வேலை செய்கின்றன. ஆனால் மினோர்ஸ்கியின் முறையில் ஒவ்வொரு பார்வைக்கும் எவ்வளவு மதிப்பு என்று யாராவது ஒருவர் முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும். சரக்கு ஏறினால் குறிப்பு மாறும். 1970களில் சுவீடனில் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரமும் அவரோடு இருந்தவர்களும் எண்ணெய்க் கப்பல்களுக்குத் தன் குறிப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கிச் சுக்கானைச் செய்து கடலில் சோதித்தார்கள். நம் பெரியவரின் கை மெல்ல மெல்லப் பெட்டிக்குள் போன கதை அது.

கப்பல் திரும்ப அதன் நீளத்தைப்போல் பல மடங்கு இடம் வேண்டும். மீனுக்குத் தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம், வேகத்தையும் குறைக்காது. ஈரச்சந்தையில் கொடுவாத் தொட்டிக்குள் வலை இறங்கும்போது பாருங்கள், தெரியும். இந்தப் பொறாமைதான் எம்ஐடியின் மைக்கேல் டிரியாண்டஃபிலோ போன்றவர்களை மீன் பக்கம் இழுத்தது. 1990களின் நடுவில் அவரும் டேவிட் பேரட்டும் நீலத்துடுப்புச் சூரையின் உருவில் ரோபோடூனாவைச் செய்தார்கள். இயந்திர மீன்களின் பாட்டன் அது. எலும்புபோல் விலாச் சட்டங்கள், நரம்புபோல் கம்பிகள், மேலே நீச்சலுடைத் துணி. வால் எந்தத் தாளத்தில் ஆடினால் நல்லது என்பதைக்கூட அவர்கள் கையால் குறிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நல்லதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஒரு கணினி முறையிடம் விட்டு, மீண்டும் மீண்டும் ஓடவைத்துத் தேறவைத்தார்கள்.

ஆனால் செய்திப் படங்களில் அவ்வளவாக எடுபடாத ஒரு விவரம் உண்டு. ரோபோடூனா தொட்டிக்கு மேலே ஓடும் ஒரு வண்டியில் தூண் போட்டு மாட்டப்பட்டிருந்தது. நேர்க்கோட்டில் முன்னே போகலாம், அவ்வளவுதான். திரும்பவே முடியாது, திரும்பத் தேவையுமில்லை. திரும்புவதையும் பாய்வதையும் ஆராய வேண்டும் என்று வந்தபோது, கட்டில்லாமல் நீந்தும் ரோபோபைக் என்ற இன்னொரு மீனைச் செய்ய வேண்டியிருந்தது. உலகப் புகழ்பெற்ற முதல் மீன், தண்டவாளத்தில் ஓடிய மீன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எதை முதலில் பிரித்து வைத்துவிட்டுத் தொடங்கினார்கள் என்பதில் எது கடினம் என்று தெரிந்துவிடுகிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. செத்த மீன்தான் ஆற்றோடு போகும், உயிருள்ள மீன் எதிர்நீச்சல் போடும் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்லி நாம் எத்தனை முறை கைதட்டியிருப்போம்? 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓடும் தண்ணீரில் ஒரு தடுப்பை நிறுத்தி, அதற்குப் பின்னால் செத்த டிரவுட் மீன் ஒன்றை விட்டார்கள். தடுப்பைத் தாண்டும் தண்ணீர் இடம், வலம் என்று மாறி மாறிச் சுழல்களை விடும். அந்தச் சுழல்கள் செத்த மீனின் உடம்பை வளைத்து வளைத்து ஆட்ட, அது ஓட்டத்தை எதிர்த்து முன்னே நகர்ந்தது. உயிரில்லை, தசை வேலை செய்யவில்லை, மூளையிலிருந்து உத்தரவு இல்லை. உடம்பின் வளைவும் தண்ணீரின் சுழலும் ஒத்துப்போனதால் எதிர்நீச்சல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, உயிருள்ள டிரவுட் மீன்களும் இதே சுழல்களில் தசையை அதிகம் அசைக்காமல் சறுக்கிக்கொள்கின்றன என்று காட்டியிருந்தார்கள். மேடைப் பேச்சாளர்கள் வேறு உவமை தேட வேண்டும்.

இதில் திசைதிருப்பலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. தண்ணீர் செய்வதையெல்லாம் தொல்லை என்று எண்ணி எதிர்த்துக்கொண்டே இருக்கும் மீன், மின்கலத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். எதை எதிர்ப்பது, எதைச் சுமந்துபோக விடுவது என்று பிரித்தறிய, தண்ணீரை உணர வேண்டும். உண்மையான மீனுக்கு உடம்பின் இருபுறமும் நீளமாக ஒரு கோடு ஓடும். பக்கக்கோடு என்பார்கள். கழுவும்போது விரலில் தெரியும் அந்தக் கோடு, சுற்றிலும் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று உணரும் உறுப்பு. எஸ்தோனியாவில் மார்யா க்ரூஸ்மாவின் குழு, 2009 தொடங்கி ஃபிலோஸ் என்ற மீனுக்கு அழுத்த உணரிகளால் செயற்கைப் பக்கக்கோடு ஒன்றைப் பொருத்தி, ஓட்டத்தை உணர்ந்து நீந்த வைத்தது. கண்ணால் பார்த்து அல்ல, தோலால் கேட்டு. புலாவ் ஹந்துவில் முக்குளித்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், நம் கடலில் கண் எவ்வளவு தூரம் உதவும் என்று சொல்வார்கள்.

இனி நான் சொல்லப்போவது, இயந்திரம் தானே கற்றுக்கொள்கிறது என்றதும் கைதட்டுபவர்களுக்கு.

எங்கள் ஒலிக்கூடத்தில் ஏஜிசி என்று ஒரு கருவி உண்டு. விருந்தினர் மெதுவாகப் பேசினால் ஒலியைத் தானே கூட்டும், சத்தமாகப் பேசினால் தானே குறைக்கும். இதுவும் தகவமைப்புதான். நல்ல வேலைக்காரன். ஆனால் மூத்த எழுத்தாளர் ஒருவரிடம் கேள்வி கேட்கிறேன், அவர் யோசிக்கிறார். அமைதி. கருவிக்கு அமைதி என்றால் என்னவென்று தெரியாது. ‘ஐயா மிகவும் மெதுவாகப் பேசுகிறார்போல’ என்று கூட்டுகிறது, கூட்டுகிறது, இன்னும் கூட்டுகிறது. குளிரூட்டியின் இரைச்சல் மழைபோல் எழும்பி வருகிறது. அப்போது அவர் “ஆமாம்!” என்பார். வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதில் வெடி.

இயந்திர மீனுக்கும் இதே நோய் வரும். நீண்ட நேரம் நேராகவே போகிறது, திரும்ப வேண்டிய அவசியமே இல்லை என்றால், ‘நான் எப்படித் திரும்புகிறேன்’ என்பதைப் பற்றிப் புதிதாக ஒரு தகவலும் கிடைப்பதில்லை. ஆனாலும் கற்கும் பகுதி தூங்காது. உணரியின் சின்னச் சின்ன இரைச்சலைப் பாடம் என்று நினைத்துக் கற்றுக்கொண்டிருக்கும். உள்ளே எண்கள் மெல்ல மெல்லத் தடம் மாறும், வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் திரும்பு என்ற உத்தரவு வரும், மீன் தலைகுப்புறச் சுழலும். மருந்தும் எங்கள் கூடத்து மருந்தேதான். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் ‘இது பேச்சில்லை, எதையும் கூட்டாதே’ என்று ஏஜிசியை நிறுத்தி வைப்போம். மீனிலும், பிழை மிகச் சிறியதாக இருக்கும்போது கற்பதை நிறுத்திவைக்கிறார்கள். சிலர் அவ்வப்போது வேண்டுமென்றே ஓர் ஆட்டு ஆட்டி, தன் நிலைமையைத் தானே சோதித்துக்கொள்ள வைக்கிறார்கள். புதிய மிதிவண்டியில் ஏறியதும் கைப்பிடியை இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பார்ப்போமே, அதுபோல.

மீன் சுழன்றால் ஒரு மீன் போகும். விமானம் சுழன்றால்? அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானங்களில் ஒன்றில், உயரமும் வேகமும் மாற மாறக் கட்டுப்பாட்டின் வீரியத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் எம்எச்-96 என்ற கருவி இருந்தது. பல பறத்தல்களில் நன்றாகவே வேலை செய்தது, பாராட்டும் பெற்றது. 1967 நவம்பர் 15ஆம் தேதி மைக்கேல் ஆடம்ஸ் அதில் 81 கிலோமீட்டர் உயரம்வரை போனார். நடுவில் ஒரு மின்கோளாறு, திசை விலகல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது. ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் விமானம் சுழலத் தொடங்கியது. அந்தச் சுழற்சியிலிருந்து அவர் மீண்டுவிட்டார், அதுதான் கொடுமை. அடர்ந்த காற்றுக்குள் வேகமாக இறங்கும்போது அந்தக் கருவி தன் வீரியத்தைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் அது ஓர் ஓயாத அதிர்வில் மாட்டிக்கொண்டு, குறைக்காமல் உச்சத்திலேயே நின்றது. விமானம் காற்றிலேயே உடைந்து சிதறியது. ஆடம்ஸ் உயிரிழந்தார். தகவமைக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கே அதன்பின் சில காலம் விமானத்துறையில் மதிப்புக் குறைந்திருந்தது. கற்கும் இயந்திரம் எந்த எல்லைக்குள் கற்கலாம் என்று கணிதத்தால் வேலி போடும் வேலை அதற்குப் பிறகுதான் தீவிரமானது. இன்று மீனுக்குள் இருக்கும் சில்லுக்கு அந்த வேலி பரம்பரைச் சொத்து.

கடலுக்கடியில் இந்த வேலி இன்னும் முக்கியம். தவறாகக் கற்றுக்கொண்டால் ‘நிறுத்து’ என்று சொல்ல முடியாது. என் பிழைப்புக்கே ஆதாரமான வானொலி அலை, கடல்நீருக்குள் போனதும் செத்துவிடுகிறது. ஜிபிஎஸ்ஸும் அதே கதி. மிக மிக நீண்ட அலைகள் மட்டும் கொஞ்ச ஆழத்துக்கு இறங்கும். அதற்கு வயல்வெளி அளவுக்கு ஆண்டெனா வேண்டும். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப இந்தியக் கடற்படை அப்படி ஒரு நிலையத்தைத் திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் பக்கத்தில் வைத்திருக்கிறது. 1990லிருந்து இயங்கும் அதன் பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன். கடலுக்குள் ஒரு வார்த்தை சொல்லக் கட்டபொம்மன் தேவைப்படுகிறார் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. முக்கால் கிலோ மீனால் அந்த அலைவரிசையில் பதில் பேச முடியாது. அதனால் இயந்திர மீன்களோடு பேச ஒலியைத்தான் நம்புகிறார்கள்.

எம்ஐடியின் சோஃபி அப்படிப்பட்டது. ராபர்ட் காட்ஸ்மன், டேனியலா ருஸ் ஆகியோரின் குழு அதை ஃபிஜித் தீவுப் பவளப்பாறைகளில் நீந்தவிட்ட கதை 2018ல் வெளிவந்தது. வாலுக்குள் இரண்டு அறைகள். ஒரு பம்பு, தண்ணீரை மாற்றி மாற்றி அறைகளுக்குள் தள்ள, வால் இடமும் வலமும் வளையும். ஒரு பக்கம் கூடுதலாகத் தள்ளினால் மீன் வளையும். நம் நடுக்கோட்டுக் கதையேதான். 15 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், ஒரே மூச்சில் 40 நிமிடம்வரை நீந்தியது. பவள மீன்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அதைத் திருப்பியது யார் தெரியுமா? பக்கத்தில் நீந்திய ஒரு முக்குளிப்பவர். கையில், நீர் புகாதபடி மூடிய பழைய சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவி. அதிலிருந்து ஒலியலையில் கட்டளை போனது.

என் துறைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இயந்திர மீன் செய்தி வந்தால் நாம் எல்லாரும் காட்டுவது ஒரே காட்சி. தெளிந்த நீலக் குளம், அழகாக வளையும் வால், பின்னணியில் வீணையோ பியானோவோ. குளத்தில் அலை இல்லை, ஓட்டம் இல்லை, பாசி இல்லை, பக்கத்திலேயே மாணவர் ஒருவர் வலையோடு நிற்கிறார், அவரைப் படத்திலிருந்து வெட்டிவிடுவார்கள். செய்தியாளர் கேட்கும் கேள்வி எவ்வளவு வேகம், எவ்வளவு விலை. நான் கேட்க விரும்புவது வேறு. பக்கவாட்டில் நீரோட்டம் இருந்தால் கோட்டை விட்டு எவ்வளவு விலகும்? ஒரு துடுப்பு பாதி கிழிந்தபின் எத்தனை மீட்டருக்குள் சமாளித்துக்கொள்ளும்? தனக்குத் தெரியவில்லை என்று அதற்குத் தெரியுமா, தெரிந்தால் மேலே மிதந்து வருமா? மூன்றாவது கேள்விக்கு உருப்படியான பதில் இருக்கும் மீனைத்தான் நம் நீர்த்தேக்கத்துக்குள் விடச் சொல்வேன். குடிக்கிற தண்ணீர், விளையாட்டில்லை.

நீர்த்தேக்கத்தில் இப்போதே ஒரு பறவை இருக்கிறது. தண்ணீரின் தரத்தைப் பார்க்க, தேசியப் பல்கலைக்கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் அன்னப்பறவை உருவில் இயந்திரங்களை மிதக்கவிட்டிருக்கின்றன. புத்திசாலித்தனமான தேர்வு. மேற்பரப்பில் மிதப்பதால் ஜிபிஎஸ் கிடைக்கும், வானொலி அலை கிடைக்கும், வழி தவறினால் கரையிலிருந்து யாராவது பார்த்துக்கொள்ளலாம். அன்னத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு எதுவும் மீனுக்கு இல்லை. 2012ல் ஸ்பெயினின் ஹிஹோன் துறைமுகத்தில், தண்ணீர் மாசைத் தேட ஒன்றரை மீட்டர் நீள இயந்திர மீன்களை விட்டுப் பார்த்தார்கள். 2014ல் அமெரிக்கக் கடற்படை, சூரை போன்ற கோஸ்ட்சுவிம்மரை வர்ஜீனியாவில் சோதித்தது. வேவு பார்ப்பதும் கப்பலின் அடிப்பகுதியைச் சோதிப்பதும் அதன் வேலைகளாகச் சொல்லப்பட்டன. மாசு தேடும் மீனும் வேவு பார்க்கும் மீனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். மீனைப்போலவே இருப்பதுதான் இரண்டுக்கும் தகுதி. மீனவரின் வலையில் ஒருநாள் ஒன்று சிக்கினால் அதை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு, வாலைச் செய்தவர்களிடம் பதில் கேட்க முடியாது.

ஆழத்தை வென்றுவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். 2021ல் சீன ஆய்வாளர்கள், ஆழ்கடல் நத்தைமீனைப் பார்த்துச் செய்த ஒரு மென்மையான மீனை மரியானா பள்ளத்தில் 10,900 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். இரும்புக்கூடு எதுவும் இல்லாமல், மின்னணுப் பாகங்களை மென்ரப்பருக்குள் பிரித்துப் பிரித்துப் பதித்து, அந்த அழுத்தத்தில் இறக்கையை அடிக்க வைத்தார்கள். ஆனால் அங்கே அது இறக்கியின் பிடியில் இருந்தபடிதான் அடித்தது. பிடியில்லாமல் தானாக நீந்தியது தென்சீனக் கடலில், 3,224 மீட்டர் ஆழத்தில். மேல்நோக்கி அல்ல, பக்கவாட்டில் அல்ல, முன்னோக்கி.